டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்குப் பின்பட்டை கூட்டியவர்களின் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கும், அதற்கு மேலே உள்ள எஸ்டேட்டுகளுக்கும் ஜெனரேட்டர் டிரெய்லரை வாடகைக்கு இழுத்துச் செல்வது என் தொழில். டிரெய்லரை மாட்டியவுடன் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கிவிடும்; இரவில் முகப்பு விளக்கின் வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் விழும். அதையாவது சகித்துக்கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஸ்டீயரிங் கைக்கு இலேசாகி, முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளிப்பக்கமாக நகர்ந்ததுதான் என்னைப் பட்டைக் கடைக்கு, அதாவது சுமையைத் தாங்கும் வில் தகடுகளை (லீஃப் ஸ்பிரிங்) பொருத்தும் கடைக்கு, போக வைத்தது.

போவதற்கு முன்பு, டிரெய்லரின் மூக்கை, அதாவது வண்டியின் கொக்கியில் மாட்டும் முன்முனையை, காய்கறி மண்டியின் எடைமேடையில் வைத்துப் பார்த்தேன். 120 கிலோ காட்டியது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும் என்பதால், மூக்கின் எடையைக் குறைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. என் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 3 மீட்டர். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. நெம்புகோல் கணக்கின்படி, கொக்கியில் இறங்கும் 120 கிலோ பின் அச்சில் 168 கிலோவாகிறது. முன் அச்சோ 48 கிலோவை இழக்கிறது.

கடையில் இருந்த பெரியவர், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் குனிவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, திரும்பி வரும்போது டிரெய்லரோட வருவீங்களா, வெறும் வண்டியா வருவீங்களா?" பாதி நாள் வெறும் வண்டிதான் என்றேன். அப்படியென்றால் முழுநீளப் பட்டை சேர்க்க வேண்டாம், ஹெல்பர் பட்டை போதும் என்று முடித்துவிட்டார். ஐந்து பட்டை உள்ள அடுக்கில் அதே கனத்தில் முழுநீளமாக இன்னொன்றைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும்; 8 மி.மீ. பட்டையை எடுத்துவிட்டு 10 மி.மீ. பட்டை வைத்தாலோ, கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் விறைப்பு ஏறுவதால், அந்த ஒரு பட்டையின் விறைப்பே ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அந்த விறைப்பு வெறும் வண்டிக்கும் சேர்ந்தே வரும். மழைக்காலத்தில், தேயிலைச் சருகு ஒட்டிக் கிடக்கும் வளைவில் வெறும் வண்டியின் பின்சக்கரம் துள்ளினால் என்ன ஆகும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹெல்பர் பட்டை, சுமை ஏறி வண்டி ஓரளவு அமுங்கிய பிறகே தாங்கத் தொடங்குகிறது. அதுவரை சும்மா இருக்கிறது.

வண்டி இப்போது மட்டமாக நிற்கிறது, விளக்கு சாலையில் விழுகிறது. ஆனால் பட்டை எவ்வளவு கூட்டினாலும் முன் அச்சு இழந்த 48 கிலோ திரும்பி வராது என்பதைப் பெரியவர் சொல்லித்தான் அனுப்பினார். ஆகையால் கேபிள் சுருள்களையும் டீசல் கேன்களையும் கேபினை ஒட்டி வைத்துக் கட்டுகிறேன். ஸ்டீயரிங்குக்குக் கனம் வந்தது அதனால்தான்.

குன்னூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

கோத்தகிரி அண்ணன் பின் பிரேக்கைப் பற்றி எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன். பல பிக்கப்புகளில் சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒரு சிறு கம்பியோ ஸ்பிரிங்கோ இணைத்த வால்வு ஒன்று இருக்கும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். வண்டி அமுங்கியிருந்தால் சுமை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும். வண்டி உயர்ந்திருந்தால் காலி என்று எடுத்துக்கொண்டு, பின்சக்கரம் பூட்டி வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். பட்டையைக் கூட்டி வண்டியை உயர்த்திய பிறகு, சுமை ஏற்றினாலும் அந்த வால்வுக்கு வண்டி எப்போதும் காலிதான்.

என் வண்டிக்குப் பட்டை போட்ட பணிமனையில் அந்தக் கம்பியைத் தொடவே இல்லை. கேரட் மூட்டைகளோடும், பிரேக் இல்லாத சிறு டிரெய்லரோடும் பர்லியாறை நோக்கி இறங்கும்போது, பெடலை மிதித்தால் முன்பக்கம் மட்டும் குனிந்தது, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது, கொஞ்ச தூரத்திலேயே முன்சக்கரத்திலிருந்து பிரேக் பேடு கருகும் நாற்றம் வந்தது. வண்டியை ஓரங்கட்டிச் சக்கரங்களின் அருகில் கையைக் கொண்டுபோனபோது, முன்பக்கம் அனலடித்தது. பின் டிரம்மில் வெதுவெதுப்புதான் இருந்தது. பிறகு கம்பெனி சர்வீஸில், கையேட்டில் உள்ள அளவுப்படி அந்த வால்வைத் திருத்தி அமைத்தார்கள். பட்டைக்குக் கொடுக்கும் பணத்தோடு இதற்கும் சேர்த்து எடுத்து வைத்துவிடுங்கள். கம்பியைக் கண்மதிப்பில் வளைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கூடலூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் பட்டையோடு, பின்பக்கச் சுமையைத் தாங்க இருபுறமும் காற்றுப் பை பொருத்தியிருக்கிறேன். டிரெய்லர் மாட்டும்போது காற்று ஏற்றலாம், கழற்றியதும் இறக்கலாம் என்பது இதில் பெரிய வசதி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் வெளிப்பக்கப் பை அமுங்கி அதிலுள்ள காற்று உள்பக்கப் பைக்கு ஓடுவதால், வண்டி இன்னும் அதிகமாகச் சாய்கிறது. நம் ஊர்ச் சாலைகளுக்குத் தனித்தனிக் குழாயே சரி.

இன்னொரு விஷயம். பட்டையோ பையோ, எதைப் போட்டாலும் ஆர்.சி. புத்தகத்தில் அனுமதித்திருக்கும் மொத்த எடை உயர்ந்துவிடாது. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதானே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் சேர்கிறது. டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். சோதனைச் சாவடியில் என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான்.

கோத்தகிரியிலிருந்து மீண்டும்:

குன்னூர்த் தம்பி சொன்ன பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். என் வண்டியிலும் அந்த வால்வு இருக்கிறது. ஹெல்பர் பட்டை வெறும் வண்டியை உயர்த்தவில்லை என்றாலும், சுமையோடு நிற்கும் உயரம் மாறியிருப்பதால், சர்வீஸில் காட்டச் சொல்லியிருக்கிறேன். படுத்திருந்தபோதே, பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளையும் பார்த்தேன். பட்டை மாற்றினால் யூ போல்ட்டையும் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்க வேண்டும். அது தளர்ந்தால் அச்சு உட்காரும் இடத்தில் துரு உரசிப் பளபளப்பான கோடு விழும். அப்படியே ஓட்டினால் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு நகர்ந்து, வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் நடக்கும். நட்டுக்கும் பட்டைத் தகட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு விலகியிருந்தால் ஸ்பேனரை எடுப்பேன்.