'ஈரப்பதமூட்டி' வேண்டாம்: மாற்றுச் சொல் பற்றி

வணக்கம்.

நோயாளர்களுக்கான துண்டுப்பிரசுரத்தில் மொயிஸ்சரைசருக்கு 'ஈரப்பதமூட்டி' என்று போட்டிருக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் மாற்றவேண்டும். அறைக் காற்றை ஈரமாக்கும் கருவிக்கும் இதே பெயர்தான். அதைவிடப் பெரிய குறை, அந்தக் கிறீம் ஈரத்தை ஊட்டுவது கொஞ்சம், காப்பதே அதிகம். மேற்றோலின் வெளிப்படை 10–20 மைக்ரோமீற்றர் தடிப்புத்தான். இறந்த கலங்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, செரமைட் என்ற தோல் கொழுப்பும் கொலஸ்ரோலும் கொழுப்பமிலங்களும் சாந்தாக இடையை அடைக்கின்றன. இந்தப் படைக்குத் தண்ணீர் கீழிருந்து வருகிறது. சாந்து கரைந்தால் அது ஆவியாகிப் போகும். நீரளவு 10 வீதத்துக்குக் கீழே இறங்கினால் தோல் வெடிக்கும்.

'ஊட்டி' என்று படித்தவர், உடம்பு நன்றாகக் காய்ந்தபின் பூசிவிட்டு, ஈரம் ஏறும் என்று காத்திருப்பார். குளித்து, துவாயால் ஒற்றி, மூன்று நிமிடத்துக்குள் பூசினால்தான் உள்ள ஈரம் தங்கும். 'ஈரங்காப்பி' என்று வைக்கலாமா?

— தோல் மருத்துவர், கொழும்பு 7

டொக்டர் அவர்களுக்கு,

மாற்றவேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் ஒரு சொல் போதாது. லேபிளில் மூன்று வகைச் சரக்கு இருக்கிறது, மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை.

கிளிசரீனும் 5–10% யூரியாவும் தண்ணீரைப் பிடித்துவைப்பவை. இவற்றை 'நீர்பற்றி' எனலாம். 'நீரீர்ப்பி' பாதி உண்மைதான், ஈர்த்தபின் விடாமல் வைத்திருப்பதே முக்கியம். யூரியா 20 வீதத்தைத் தாண்டினால் தடித்த தோலை உரிக்கத் தொடங்கும். குதிக்காலுக்கு நல்லது, முகத்துக்கு ஆகாது.

கலங்களின் இடைவெளியில் நிறைந்து சொரசொரப்பை நீக்கும் எண்ணெய்களுக்கு 'இடைநிரப்பி'. 'மென்மையாக்கி' உடுப்புக் கழுவும் திரவத்தை நினைவூட்டும்.

பெற்றோலியம் ஜெலிக்கு 'ஆவித்தடுப்பி'. அது நீரிழப்பை 98% வரை குறைக்கும். ஏனைய எண்ணெய்கள் பெரும்பாலும் 20–30 வீதத்தோடு நின்றுவிடும். நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவர், வெறும் கிளிசரீனைத் தடவினால் காற்றில் எடுக்க ஈரமில்லாமல் அது கீழ்ப்படையிலிருந்து இழுக்கும், தோல் இன்னும் காயும். மேலே ஆவித்தடுப்பி வேண்டும். அதையே கொழும்புப் புழுக்கத்தில் வெயிலில் திரிபவர் முதுகில் அப்பினால் வியர்வைத் துவாரம் அடைபட்டு வேர்க்குரு வரும். மூன்றையும் பெயரால் பிரிக்காமல் இதை எப்படி விளங்கப்படுத்துவது?

— மருந்தாளர், வெள்ளவத்தை

இருவருக்கும் வணக்கம்.

'ஈரங்காப்பி' நமக்குச் சரி, நாங்கள் குடிப்பது கோப்பி. தமிழகத்தில் வாசிப்பவருக்குக் காப்பிதான் கண்ணில் படும். நம் விஞ்ஞானப் பாடநூலில் மின்னைக் கடத்தாத பொருள் 'காவலி'. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பழகிய சொல், போகவிடாமல் காப்பது என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. 'ஈரக்காவலி' என்று வைப்போம்.

— விஞ்ஞான ஆசிரியை, கொட்டாஞ்சேனை

ஆசிரியை அம்மாவின் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். மருந்தாளரின் மூன்றும் உட்பிரிவுகளாக நிற்கட்டும். பிரசுர வரிகள் இப்படி:

"குளித்த உடனே ஈரக்காவலி பூசுங்கள். சுட்டுவிரலின் நுனி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் அரைக் கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கையளவு தோலுக்குப் போதும். வளர்ந்தவரின் முழு உடலுக்குக் குறைந்தது 20 கிராம். மயிர் வளரும் திசையில் தடவுங்கள். எதிர்த்துத் தேய்த்தால் மயிர்க்கால் அழற்சி வரலாம்."

இன்னொரு சொல்லும் பாக்கி. சாதாரணச் சவர்க்காரத்தின் பீஎச் (அமில, கார அளவு) பெறுமானம் 9–10, தோலினது 5 அளவில். வரண்ட தோலுக்குச் சவர்க்காரம் கலவாத கழுவுதிரவத்தைச் சொல்கிறோம், அதற்கு ஒரு சொல்லில் பெயரில்லை. 'தோற்கழுவி' சரிவருமா? வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

— தோல் மருத்துவர், கொழும்பு 7