தினச் சமையலில் ஆளி விதை: ரொட்டியா, பொடியா?

உறையூர் தாத்தா
தானியம், பருப்பு இல்லாத பேலியோ உணவு முறைக்கு மாறி, அரிசி, கோதுமை ரெண்டையும் விட்டாச்சு. காலையில முட்டை, மதியம் காயும் கறியுமா ஓடுது. ராத்திரிக்கு மட்டும் பிட்டுச் சாப்பிட ஏதாவது இருந்தா தேவலைன்னு இருக்கு. ஆளி விதையில ரொட்டி சுடலாம்னு பேத்தி சொல்றா. ஆனா பாக்கெட்டில 100 கிராமுக்கு 29 கிராம் மாவுச்சத்துன்னு போட்டிருக்கான். தினமும் சாப்பிடலாமா? சர்க்கரைக்கு மாத்திரை போடுறேன்.

அடுக்களை அரசி
தாராளமா சாப்பிடலாம் ஐயா. அந்த 29-ல சுமார் 27 கிராம் நார்ச்சத்து. சர்க்கரையா மாறக்கூடியது 2 கிராம்கூட வராது. பாதாம் மாவு விக்கிற விலைக்கு இது எவ்வளவோ மலிவு.

பொடிச்ச ஆளி விதை ஒரு கப், கொதிக்கிற தண்ணி முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவா, உப்பு. தண்ணியை ஊத்திக் கரண்டியால கிளறினா அதுவே பசை மாதிரி பிடிச்சுக்கும். அஞ்சு நிமிஷம் மூடி வச்சு, எண்ணெய் தடவின ரெண்டு வாழை இலைக்கு நடுவுல வச்சுத் தேய்ங்க. தவாவில மிதமான தீ போதும். ஒரு கப்புக்கு நாலு ரொட்டி வரும். ஓமம் சேர்த்தா அந்தப் பச்சை வாடை அடங்கும்.

நாகைக்காரன்
அக்கா, கணக்கை முழுசா சொல்லுங்க. ஒரு கப்புன்னா 100 கிராம், 530 கலோரிக்கு மேல. ராத்திரி ரெண்டு ரொட்டி தின்னா அதுவே 13, 14 கிராம் நார். பழக்கமில்லாத வயித்துக்கு ஒரே வேளையில அவ்வளவு நார் போனா உப்புசம்தான். தண்ணி குறைவா குடிக்கிற பெரியவங்களுக்கு மலச்சிக்கல் இன்னும் கூடும். ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு ஸ்பூன்னு பொதுவா சொல்றது காரணத்தோடதான்.

இன்னொண்ணு, ஒமேகா 3-க்காக இதைச் சாப்பிடச் சொல்றாங்களே, அதை நான் ஏத்துக்கமாட்டேன். ஒரு ஸ்பூன்ல, அதாவது 10 கிராம்ல, ரெண்டு கிராம் சொச்சம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், அதாவது செடிவகை ஒமேகா 3 இருக்கு, சரி. ஆனா மீன்ல இருக்கிற ஒமேகா 3 வகைகள் ஈபிஏ, டிஹெச்ஏ. நம்ம உடம்பு அதை ஈபிஏவா மாத்துறது நூத்துக்கு அஞ்சு, எட்டுங்கிற அளவுதான். டிஹெச்ஏ அதைவிடச் சொற்பம். நாலு மத்தி வாங்கிக் குழம்பு வைங்க, மாத்துற வேலையே இல்லாம நேரா கிடைக்கும்.

அடுக்களை அரசி
மத்தி தின்னாதவங்க என்ன பண்ணுவாங்க தம்பி? எங்க வீட்டில முட்டைக்கு மேல எதுவும் கிடையாது. தடைக்காலம் வந்தா உங்க ஊரிலயே மீன் விலை ஏறிடுதே.

நாகைக்காரன்
ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகு போகும்க்கா. ஆனா சைவக்காரங்க கதை வேற, அவங்களுக்கு ஆளி விதை வேணும்னுதான் நானும் சொல்வேன். என் சண்டை ரொட்டியோட. கோதுமையை விட்டுட்டு அதே வட்டத்துல இன்னொண்ணைத் தேடினா நாக்கு பழைய இடத்தை விட்டு நகராது. கல்யாண வீட்டுப் பந்தியில பரோட்டா வந்ததும் கை தானா போயிடும்.

அடுக்களை அரசி
எனக்கு அது நேர்மாறா இருக்கு. ராத்திரி ரொட்டியும் பனீர் மசாலாவும் தட்டுல இருக்கிறதாலதான் வீட்டுக்காரர் இந்த முறையை விடாம இருக்கார். குழம்பும் காயும் மட்டும் வச்சா மூணாவது நாள் சோத்துப் பானையைத் தேடுவார். தொடர்ந்து சாப்பிட முடியாத உணவு எவ்வளவு சுத்தமா இருந்து என்ன பிரயோஜனம்?

ஹூப்ளி மருமகள்
ரெண்டு பேரும் ரொட்டியிலேயே நிக்கறீங்க. நான் தமிழ்நாட்டுலேருந்து வாக்கப்பட்டு வந்த இந்த வட கர்நாடகத்துல ஆளி விதையை மாவா யாரும் பாக்கறதில்ல. அகசே சட்னிப் பொடிதான். சோள ரொட்டி, அதுமேல தயிர், பக்கத்துல ஒரு கரண்டி பொடி. மகாராஷ்டிராவில இதே பொடி ஜவஸ் சட்னி, ஆந்திரா தெலங்கானாவில அவிசெ காரப்பொடி. நாமளும் ரொட்டியை விட்டுட்டு பொடியை மட்டும் எடுத்துக்கலாம்.

இட்லிப் பொடியில உளுந்து, கடலைப்பருப்பு இருக்கிறதால பேலியோக்காரங்க அதைத் தொடறதில்லயே, அந்த இடத்துக்கு இது கச்சிதம். 100 கிராம் விதை, வரமிளகாய் எட்டு, சீரகம் ஒரு ஸ்பூன், தோலோட பூண்டு ஆறு பல், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, கொட்டைப்பாக்கு அளவைவிடக் குறைவா புளி, கல்லுப்பு. விதையை எண்ணெய் இல்லாம, அடி கனமான வாணலியில, சிறுதீயில வறுக்கணும். படபடன்னு வெடிச்சு வெளியே துள்ளும், ஒரு தட்டால பாதி மூடிக்குங்க. சத்தம் அடங்க ஆரம்பிச்சதும் இறக்கிடுங்க. அதுக்கு மேல விட்டா கசக்கும். நல்லா ஆறணும். சூட்டோட மிக்ஸியில போட்டா எண்ணெய் விட்டுக் களியாயிடும். விட்டு விட்டுத் திருப்பி, கொரகொரன்னு எடுங்க. பூண்டு கடைசிச் சுத்துக்கு.

காலிஃபிளவரைத் துருவி வதக்கி, மேல ஒரு ஸ்பூன் பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டுப் பாருங்க தாத்தா. ஆஃப் பாயில் மேல தூவலாம், கத்தரிக்காய் வதக்கல்ல இறக்கும்போது போடலாம். அளவும் ஒரு ஸ்பூனைத் தாண்டாது.

நாகைக்காரன்
இது சரி. எங்க வீட்டில கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவை நிறுத்திட்டு, கால் கிலோ கொத்துக்கறிக்கு ஒன்றரை ஸ்பூன் பொடிச்ச ஆளி விதை போடறோம். பிசைஞ்சு பத்து நிமிஷம் விட்டா நல்லா பிடிக்கும், எண்ணெயில உதிராது. மீன் கட்லெட்டுக்கும் இதுதான். குழம்பைக் கெட்டியாக்க மட்டும் போட்டுடாதீங்க, வழவழன்னு ஆகி யாரும் தொடமாட்டாங்க.

உறையூர் தாத்தா
பொடியாவே பாக்கெட்டில கிடைக்குதே, அதை வாங்கலாமா? முழுசா வாயில போட்டு மெல்லக்கூடாதா? பல்லு சரியில்ல எனக்கு.

ஹூப்ளி மருமகள்
முழுசா விழுங்கினா தோல் உடையாம அப்படியே வெளியே போயிடும் தாத்தா, பொடிச்சாத்தான் பலன். ஆனா பொடிச்ச நிமிஷத்துலேருந்து காத்துப் பட்டு எண்ணெய் சிக்கடிக்க ஆரம்பிக்கும். அதனால கடையில எப்போ அரைச்சதுன்னு தெரியாத பாக்கெட் வேண்டாம். விதையா வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைச்சு, காத்துப்புகாத டப்பாவில ஃப்ரிட்ஜில வைங்க. பெயின்ட் வாசனை மாதிரி வந்தா கொட்டிடுங்க. பச்சையா அள்ளித் திங்கிறதும் வேண்டாம். சயனைடை வெளியிடக்கூடிய பொருள் கொஞ்சம் இருக்கு, வறுத்தா குறையும்.

அடுக்களை அரசி
வறுத்தா ஒமேகா 3 போயிடும்னு ஒருத்தர் சொல்லுவார், அதுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். விதைக்குள்ள இருக்கிற வரைக்கும் ரொட்டி சுடற சூட்டுக்குப் பெரிசா குறையறதில்ல. தாளிக்கக் கூடாதது ஆளி எண்ணெய்தான்.

நாகைத் தம்பி சொன்ன நார்ச்சத்துக் கணக்கு சரிதான். அதுக்காக ரொட்டியை விடமாட்டேன். மாவுல பாதிக்குப் பாதி துருவின பனீர் சேர்த்துச் சுடுங்க ஐயா, ஒரு ரொட்டியிலேயே வயிறு நிறையும்.

நாகைக்காரன்
நான் அந்த ஒரு ரொட்டிக்கும் மறுப்புதான்க்கா. தாத்தா, நீங்க முதல்ல அரை ஸ்பூன் பொடியில ஆரம்பிச்சு, கூடவே தண்ணி நிறைய குடிங்க. மாத்திரையை இதோட சேர்த்துப் போடாதீங்க, மருந்து உடம்புல சேர்றதை நார் தாமதப்படுத்தும். மாவுச்சத்தையும் குறைச்சிருக்கீங்க, இதுவும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும், பழைய அளவு மாத்திரையே போனா தாழ்சர்க்கரை வரலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவரா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க.

உறையூர் தாத்தா
ரத்த மாத்திரை இல்ல தம்பி. வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கறேன், சர்க்கரை மாத்திரையைப் பத்திக் கேட்டுட்டு வறுக்கச் சொல்றேன். புளிக்குப் பதில் மாங்காய் வத்தல் போடலாமாம்மா?

ஹூப்ளி மருமகள்
போடலாம் தாத்தா. நல்லா காஞ்சதா இருக்கணும். ஈரம் இருந்தா பொடி ரெண்டே நாள்ல கட்டி தட்டிடும்.