வேட்பாளரைத் தேர்வு செய்ய வேண்டியது கட்சியா, வாக்காளரா? அமெரிக்க பிரைமரி பற்றி

நெய்தல்:
ட்ரம்ப் எப்படி வந்தார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். என் காரணம் சுவாரசியமற்றது: பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தீர்மானிக்கும் முன்தேர்தல். 2015-ல் ரிபப்ளிகன் பெருந்தலைகளில் அவரை விரும்பியவர்கள் அபூர்வம். ஆனால் தடுக்க அவர்கள் கையில் ஒன்றுமில்லை. மாநிலம் மாநிலமாக வாக்காளர்கள் முடிவு செய்தார்கள், கட்சி முத்திரை குத்தியது. தன் வேட்பாளரைத் தானே தீர்மானிக்க முடியாத அமைப்பை எப்படிக் கட்சி என்பது?

முன்பு இப்படி இல்லை. 1968-ல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். அவரை அறிவித்த கட்சியின் சிகாகோ மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடியடி, உள்ளே கூச்சல். அந்த அசிங்கத்துக்குப் பிறகு விதிகளைத் திருத்த ஒரு குழு போட்டார்கள். அதற்கு முதலில் தலைமை வகித்த ஜார்ஜ் மெக்கவர்னே 1972-ல் புதிய விதிகளின்கீழ் வேட்பாளராகி, நிக்ஸனிடம் 49 மாநிலங்களைப் பறிகொடுத்தார்.

ஊர்க்குருவி:
அப்போ பழையபடி நாலு பெரிய மனுஷங்க கதவைச் சாத்திக்கிட்டு முடிவு பண்ணட்டும்ங்கிறீங்களா சார்? 1920-ல சிகாகோ பிளாக்ஸ்டோன் ஹோட்டல்ல சுருட்டுப் புகைக்கு நடுவுல அப்படித்தான் வாரன் ஹார்டிங்கைப் பிடிச்சாங்கன்னு கதை. அவரோட அமைச்சர் எண்ணெய் நிலக் குத்தகைக்கு லஞ்சம் வாங்கி ஜெயிலுக்கே போனார்!

கட்சி இஷ்டத்துக்கு விட்டா என்ன ஆகும்னு டெக்சாஸைப் பாருங்க. அங்க ஜனநாயகக் கட்சி டிக்கெட் கிடைச்சாலே ஜெயிச்ச மாதிரி. அந்தக் கட்சி "நாங்க தனியார் அமைப்பு, யாரைச் சேர்க்கிறதுங்கிறது எங்க விருப்பம்"னு கறுப்பின மக்களை ஓட்டே போட விடல. உச்ச நீதிமன்றம் 1944-லதான் அதை நிறுத்துச்சு.

நெய்தல்:
டெக்சாஸ் உங்களுக்கு எதிரான உதாரணம், குருவி. அங்கே நடந்ததும் பிரைமரிதான். வெள்ளையர் மட்டும் வாக்களித்த பிரைமரி. ஹார்டிங்கைச் சொன்னீர்கள். 1860 மாநாட்டில் மூன்றாவது சுற்றில் லிங்கனையும், 1932-ல் நான்காவது சுற்றில் ரூஸ்வெல்ட்டையும் தேர்ந்தெடுத்தவர்களும் அதே பெரிய மனுஷர்கள்தான்.

பிட்ஸ்பர்க் மணி:
ரெண்டு பேருமே 'வாக்காளர்கள்'னு சுலபமா சொல்லிட்டுப் போறீங்க. எந்த வாக்காளர்கள்? நான் இருக்கும் பென்சில்வேனியாவில் ரெண்டு பெரிய கட்சிகளில் ஒன்றின் பெயரில் பதிவு செய்யாதவர் பிரைமரியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நடத்துவது அரசாங்கம், செலவு வரிப்பணம், உரிமை மட்டும் உறுப்பினருக்கு. பெரும்பாலான தொகுதிகள் ஏதோ ஒரு கட்சியின் கோட்டை என்பதால் நவம்பர் பொதுத் தேர்தல் அங்கே வெறும் சடங்கு. பிரைமரிக்கு வரும் கொஞ்சம் பேர்தான் உண்மையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸை நிரப்புகிறார்கள்.

2021 ஜனவரியில் ட்ரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக 10 ரிபப்ளிகன் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 2022-ல் நாலு பேர் போட்டியிடவே இல்லை. லிஸ் செனி உட்பட நாலு பேர் பிரைமரியில் தோற்றார்கள். தப்பியவர்கள் இருவர்: கலிஃபோர்னியாவின் வலடாவோ, வாஷிங்டன் மாநிலத்தின் நியூஹவுஸ். ரெண்டு மாநிலத்திலும் கட்சி பேதமில்லாமல் எல்லாருக்கும் ஒரே வாக்குச்சீட்டு. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பருக்குப் போவார்கள். தற்செயலா இது?

தாமரைச்செல்வி:
மணி அண்ணா, பாதிக் கதையைச் சொல்லிட்டு நிறுத்திட்டீங்க. தோற்ற அந்த நாலு பேர்ல ஹெரேரா பியூட்லரும் ஒருத்தர். அவங்களும் அதே வாஷிங்டன் மாநிலம், அதே வாக்குச்சீட்டு முறை! மூணாவது இடத்துக்குப் போயிட்டாங்க. நியூஹவுஸ் பிழைச்சதுக்குக் காரணம், அவரை எதிர்த்த ரிபப்ளிகன்கள் பல பேர் நின்னு ஓட்டைப் பிரிச்சது. வலடாவோவுக்கு எதிரா நின்னவருக்கு ட்ரம்ப் ஆதரவே தரல. முறையை மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு எனக்குத் தோணல.

பிட்ஸ்பர்க் மணி:
பியூட்லர் விஷயம் சரிதான், செல்வி. ஆனா அந்தக் கதைக்கும் ஒரு வால் இருக்கு. அவரை முந்திய ரிபப்ளிகன், நவம்பரில் ஜனநாயகக் கட்சியிடம் தோற்றார். கட்சிக்காரர்களுக்குப் பிடித்தவரும் ஊருக்குப் பிடித்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. அலாஸ்காவையும் பாருங்கள்: ஒரே வாக்குச்சீட்டு, முதல் நாலு பேர், பிறகு நவம்பரில் அவர்களை விருப்ப வரிசைப்படி 1, 2 என்று குறித்து வாக்களிப்பது. செனட்டில் ட்ரம்ப்பைக் குற்றவாளி என்று சொன்ன லிசா மர்கவ்ஸ்கி 2022-ல் அங்கே ஜெயித்தார்.

நெய்தல்:
மணி சொல்லும் முறை என் கவலையை இன்னும் கூட்டுகிறது. கட்சியில் இல்லாதவர்களும் சேர்ந்து கட்சியின் முகத்தைத் தீர்மானித்தால் கட்சி எதற்கு? கலிஃபோர்னியாவில் இப்போதைய முறைக்கு முன்பு, ஒவ்வொரு கட்சியின் வேட்பாளரையும் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் பிரைமரி வைத்தபோது கட்சிகளே வழக்குப் போட்டன. யாருடன் சேர்வது என்பது அமைப்பின் உரிமை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஊர்க்குருவி:
சார், உங்க ஆசை 2024-ல நிறைவேறுச்சே! ஒரு கோடிக்கும் மேல ஓட்டு வாங்கி பைடன் பிரைமரியில ஜெயிச்சார். விவாத மேடையில தடுமாறினதும் கட்சித் தலைவர்கள் நெருக்க, ஜூலை 21 விலகினார். அந்தச் சுற்றுல ஒரு பிரைமரியிலகூட நிக்காத கமலா ஹாரிஸைக் கட்சிப் பிரதிநிதிகள் அறிவிச்சாங்க. ரிசல்ட் என்னாச்சு?

நெய்தல்:
தோற்றார்கள். ஆனால் அது பிரைமரியின் தோல்வியும்தானே? பைடனின் வயது ஜனவரியிலேயே எல்லோருக்கும் தெரியும். பதவியில் இருக்கும் அதிபரைப் பிரைமரியில் எதிர்க்க எந்தப் பெரிய தலையும் துணியவில்லை. கட்சித் தலைமைக்குத் தடுக்கும் அதிகாரம் இருந்திருந்தால் ஓராண்டு முன்பே பேசி முடித்திருப்பார்கள்.

தாமரைச்செல்வி:
அந்தத் தலைமையே பைடன் கையிலதானே இருந்துச்சு? யார் யாரைத் தடுப்பாங்க?

அப்புறம் மணி அண்ணா, நெவாடாவில் இரண்டு கட்சிகளும் எதிர்த்தும் 2022-ல நீங்க சொன்ன அலாஸ்கா முறை மாதிரி ஒண்ணுக்கு மக்கள் ஆமாம்னாங்க. சட்டப்படி ரெண்டாவது தடவையும் கேட்கணும். 2024-ல அதே மக்கள் வேணாம்னுட்டாங்க. கொலராடோ, ஐடஹோவிலும் நிராகரிப்பு. அலாஸ்காவிலேயே அதை நீக்கலாமான்னு நடந்த வாக்கெடுப்புல ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்துலதான் அந்த முறை தப்பிச்சது.

பிட்ஸ்பர்க் மணி:
தப்பிச்சது இல்ல? 2026-லயும் அதே வாக்குச்சீட்டுதான். அப்போ இந்த இழையை மறுபடி கிளறுவோம்.