வலங்கைமான் டு கோலாலம்பூர்: வேலை அதேதான், ஒரு வருடம் தனியாக இருந்து பார்க்கலாமா?

அரசலாறு:
வணக்கம். எனக்கு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். வயது 27. மூன்று வருடமாக நெதர்லாந்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஐப்பசி பிறந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். போன அடைமழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரும் இறங்கிவிட, லேப்டாப்பை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு கும்பகோணத்தில் சித்தி வீட்டுக்கு ஓடினேன்.

கோலாலம்பூரில் ஒரு வருடம் இருக்க ஆசை. கம்பெனி சரி என்றுவிட்டது. திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம்தானே என்று அப்பா அரைமனதாகச் சம்மதித்தார். அம்மா இன்னும் இல்லை. விசா, வாடகை எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆபீஸ் என்று ஒன்று இல்லாமல் வெளியூரில் நாள் எப்படிப் போகும்? இருந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
பாபநாசத்துக்காரன் நான். இரண்டு வருடம் அங்கே இருந்து இதே மாதிரி ஐரோப்பியக் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். நீ சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாய் தங்கச்சி.

முதலில் மணிக்கணக்கைப் பார். ஆம்ஸ்டர்டாமில் காலை 9 என்றால் நம் ஊரில் கோடையில் 12.30, குளிர்காலத்தில் 1.30. கோலாலம்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே வேலை 3 மணிக்கோ 4 மணிக்கோதான் தொடங்கும். முடிய நடுநிசி ஆகிவிடும். சாயங்காலம் என்பதே உனக்குக் கிடையாது. ஊரே கூடி உட்கார்ந்து பேசுகிற நேரத்தில் நீ மீட்டிங்கில் இருப்பாய். உனக்கு மிஞ்சுவது காலை மட்டும்தான். அதைத் தூங்கிக் கழித்தால் அந்த ஊர் ஜன்னல் கண்ணாடியோடு நின்றுவிடும்.

எனக்கு அப்படித்தான் நின்றது. பதினேழாவது மாடி, நல்ல இன்டர்நெட், தினமும் மதியத்துக்கு மேல் இடியும் மழையுமாகக் கொட்டும். கரண்ட் மட்டும் அசையாது. சந்தோஷமாகத்தான் இருந்தேன். மூன்றாவது மாதம் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுக்கை. ஆபீஸ் சாட்டில் ‘உடம்பு சரியில்லை’ என்று போட்டேன், நாலு பேர் பூ அனுப்பினார்கள், படமாக. வெந்நீர் வைத்துத் தர ஆளில்லை. வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று போனில் தொண்டையைச் செருமிச் செருமிப் பேசினேன்.

எழுந்து நடக்க முடிந்த அன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனேன். கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கம், நம்மவர்கள் புழங்கும் இடம். நடைபாதையில் ஒரு அம்மா மடியில் மல்லிகையைக் குவித்துக் கட்டிக்கொண்டிருந்தார். விரல் நிற்கவே இல்லை, தலையை மட்டும் தூக்கி, “பசியாறிட்டீங்களா தம்பி?” என்றார். மலேசியத் தமிழில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்பார்கள். எத்தனையோ நாள் கழித்து என் முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்ட கேள்வி அது. பதில் சொல்லத் தொண்டை அடைத்தது.

மறுநாளிலிருந்து ஒரே மாமக் கடை, ஒரே மேசை, எட்டு மணிக்கு. தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற கடைகள் அவை. நிறையக் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். நம் பரோட்டா மாதிரி ரோட்டி சானாய், தே தாரிக் என்று ஒரு ஆற்றிய டீ. ரேடியோவில் மின்னல் எஃப்.எம். ஓடும், அந்த ஊர்த் தமிழ் வானொலி. ஒரு மாதம் ஆனதும் நான் உட்காருமுன் டீ வந்துவிடும். ஒருமுறை இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தி, “எங்க போனீங்க?” என்றார். நாம் வரவில்லை என்றால் கவனிக்க அந்த ஊரில் ஒரு ஆளாவது வேண்டும். வாடகை வீடு பார்க்குமுன் அந்த இடத்தைப் பார். நடந்து போகிற தூரத்தில் கடையும் கோயிலும் ரயிலும் இருக்கட்டும். நீச்சல் குளம், ஜிம் எல்லாம் அப்புறம்.

வெட்டாறு:
நாகூர்க்காரன், ஒரு அவசர விஷயம். சுற்றுலாவாகப் போய் மாதக்கணக்கில் வேலை பார்க்காதீர்கள். இதற்கென்றே டிஇ ரந்தாவ் பாஸ் இருக்கிறது, 2022இல் வந்தது. உங்களைப் போல ஐ.டி. ஆட்களுக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலருக்கு மேல் காட்ட வேண்டும். ஒரு வருடம் வரை தருவார்கள், நீட்டிக்கவும் முடியும். ஆன்லைனில் நாமே போடலாம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கம்பெனியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடத்தில் 182 நாள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை வைத்து வரிக் கணக்கு மாறும், ஊரிலிருந்து கிளம்புமுன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். வீட்டுக்கு இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத வாடகை, கரண்ட் தண்ணீருக்கு அரை மாதம் என்று மூன்றரை மாதப் பணம் முதலிலேயே கையில் வேண்டும்.

அரசலாறு:
குடமுருட்டி அண்ணா, காய்ச்சல் விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டவா, மறைக்கவா என்றே தெரியவில்லை. கடைசியில் படித்துவிட்டேன். “அந்தப் பூக்கார அம்மா எந்த ஊராம்?” என்று மட்டும் கேட்டார்.

குடமுருட்டி:
அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவராம். அம்மாவிடம் சொல்லு. முதல் மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வர 2023 டிசம்பரிலிருந்து விட்டிருக்கிறார்கள். டிக்கெட் போடுமுன் அது இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். வீடு பார்க்கும்போது அம்மா கூட இருக்கட்டும், கடைக்காரரிடம் அம்மாவே பேசட்டும்.

அரசலாறு:
சம்பா அறுப்பு முடியாமல் அம்மா நகர மாட்டார். மாசியில் கிளம்புகிறோம் அண்ணா.