'கஸெமச்சி ரோமான்': அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதில் கேட்க என்ன இருக்கிறது?

தாளவாசகன் கேட்கிறார்:

நண்பர்களுக்கு வணக்கம். ஜப்பானிய ராக் இசையின் வரலாற்றை யார் எழுதினாலும், ஹாப்பி எண்ட் குழுவினர் 1971 நவம்பரில் வெளியிட்ட 'கஸெமச்சி ரோமான்' தொகுப்பைத் தொடாமல் எழுதுவதில்லை. ரோலிங் ஸ்டோன் இதழின் ஜப்பானியப் பதிப்பு 2007-இல் வெளியிட்ட நூறு சிறந்த ஜப்பானிய ராக் தொகுப்புகளின் பட்டியலிலும் இதற்கே முதலிடம் தந்தார்கள். அண்மையில் இதை மறுபடியும் முழுமையாகக் கேட்டேன். காதுக்கு இதமாகவே இருக்கிறது. ஆனால், கிட்டார் கோர்வைகளில் அமெரிக்க ராக் குழுவான பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டும், குழுவில் ஒருவரான ஹொசோனோ பாடும் முறையில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லரும் ஒளிவுமறைவின்றித் தெரிகிறார்கள். ஜப்பானிய மொழியில் ராக் பாட இயலும் என்று நிறுவிய தொகுப்பு என்ற பெருமை இதற்கு உண்டு. அந்த வழக்கில் தீர்ப்பு எழுதி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. வழக்கு முடிந்த பிறகும் இதில் கேட்பதற்கு என்ன மிச்சமிருக்கிறது? அல்லது, சோஃபியா கொப்போலாவின் 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' (2003) படத்தில் இதிலுள்ள 'கஸெ ஓ அட்சுமெதே' பாடல் ஒலித்ததால் வெளிநாட்டவர் ஏற்றிவைத்த புகழ்தானா இது?

மேற்குமாடம் எழுதுகிறார்:

படத்தால் வந்த புகழ் வெளிநாட்டுப் புகழ் மட்டுமே. ஜப்பானில் இதன் மதிப்பு அதற்கு வெகு முன்பே நிலைபெற்றுவிட்டது. அமெரிக்கச் சாயல் இருக்கிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. அவர்களும் அதை மறைக்கவில்லை. என் பார்வையில், இந்தத் தொகுப்பின் உயிர் இசையில் பாதிதான். மறுபாதி, அது எந்த ஊரைப் பற்றிப் பாடுகிறது என்பதில் இருக்கிறது.

டிரம்ஸ் வாசித்த தகாஷி மட்சுமோட்டோதான் பெரும்பாலான பாடல்களை எழுதியவர். அவர் 1949-இல் டோக்கியோவின் அவோயாமா பகுதியில் பிறந்தார். 1964 ஒலிம்பிக் போட்டிக்காக நகரத்தை அடியோடு புரட்டிப் போட்டபோது அவருக்கு வயது பதினைந்து. சாலைகளை அகலப்படுத்தினார்கள், கால்வாய்களின் மேல் விரைவுச் சாலைகளைத் தூக்கி நிறுத்தினார்கள், பழம்பெரும் நிஹோன்பாஷி பாலத்தின் தலைக்கு மேலேயே 1963-இல் ஒரு விரைவுச் சாலை வந்து படுத்துக்கொண்டது. அதன்பின் டிராம் தடங்களைப் பிடுங்கத் தொடங்கி, 1972-க்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். இன்று மிஞ்சியிருக்கும் மாநகர டிராம் தடம் அரகாவா ஒன்றுதான். அவோயாமா, ஷிபுயா, அசாபு ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட தன் சிறுவயது டோக்கியோவுக்கு மட்சுமோட்டோ சூட்டிய பெயர்தான் 'கஸெமச்சி', அதாவது 'காற்றின் நகரம்'. இசைத்தட்டு உறையை விரித்தால் உள்ளே மங்கா ஓவியர் கஸுஹிகோ மியாயா வரைந்த டிராம் வண்டி நிற்பதற்கும் இதுவே காரணம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'கஸெ ஓ அட்சுமெதே' பாடலைக் கேளுங்கள். நகரத்தின் ஒதுக்குப்புறச் சந்து ஒன்றில் நடப்பவன், அழுக்கேறிய பனிமூட்டத்தின் ஊடாக, அப்போதுதான் உறக்கம் கலைந்த டிராம் ஒன்று கடலைக் கடந்து போவதைப் பார்க்கிறான். உலகில் எந்த டிராமும் கடலைக் கடப்பதில்லை. தண்டவாளத்தைப் பிடுங்கியாகிவிட்டது, இனி அந்த வண்டி எங்கு வேண்டுமானாலும் போகலாம். இழந்த ஊருக்காக ஒப்பாரி வைக்காமல், அந்த ஊரையே பறக்க விட்டுவிடுகிறார் மட்சுமோட்டோ. 'குராயமிஸகா முசசபி ஹெங்கெ' என்ற பாட்டில், அசாபுவில் உண்மையிலேயே இருக்கும் ஓர் இருண்ட மேட்டுத் தெருவில் பறக்கும் அணிலை உருமாறும் மாயப் பிராணியாக அலையவிடுவதும் இதே வித்தைதான். இந்தப் பாடல்களில் அமெரிக்கா எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

பழைய ரிக்கார்டு எழுதுகிறார்:

மேலே எழுதியவர் பாடல் வரிகளுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டதால், இசையின் பக்கம் நின்று சிறிது பேசுகிறேன்.

நம் திரையுலகில் மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று ஓயாமல் பேசுவோம் அல்லவா? இந்தக் குழுவில் பாட்டுக்குத்தான் மெட்டு. மட்சுமோட்டோ எழுதித் தந்த வரிகளை ஹருஓமி ஹொசோனோ, எய்ச்சி ஓட்டாகி, ஷிகெரு சுசுகி ஆகிய மூவரும் ஆளுக்கொரு விதமாகக் கையாண்டார்கள். ஜப்பானிய மொழியில் அசைகள் ஏறத்தாழ ஒரே அளவில் வரிசையாக நடக்கும். அதை ராக் தாளத்தில் அப்படியே ஏற்றினால் பள்ளிக்கூட வாய்ப்பாடு போல ஒலித்துவிடும். தொகுப்பின் முதல் பாடலான 'தகிஷிமெதாய்' பாடலில், ரயில் சன்னலில் தொலைதூரக் கிராமங்கள் பறந்தோட, புகைத்தபடி ஒருத்தியை நினைக்கும் பயணியின் சொற்களை ஓட்டாகி இடையிடையே அறுத்தும் இழுத்தும் பாடுவதைக் கவனியுங்கள். சொல் முடியும் இடத்தில் அடி முடிவதில்லை; டிரம்ஸ் ஓர் அடி தள்ளிப் போய் அதற்காகக் காத்து நிற்கிறது. வரிகளை எழுதியவரே டிரம்ஸும் வாசிப்பதால் வாய்த்த நயம் இது என்பது என் கணிப்பு.

ஹொசோனோவின் வழி வேறு. அவர் அடித்தொண்டையில், பேச்சுக்கு மிக அருகில், ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் பாடுகிறார். 'நட்சு நன் தெஸு' பாடலில் வெயிலேறிய வரப்பு, தரையில் குந்திக் கோலிக்குண்டு ஆடும் பையன்கள், கோயில் தோப்பில் சிள்வண்டுகளின் இரைச்சல் என்று காட்சிகள் வரிசையாக வருகின்றன. குரலோ வெயிலில் அலுத்துப்போனவனுடையது. 'கஸெ ஓ அட்சுமெதே' பதிவில் ஓட்டாகியும் சுசுகியும் வாசிக்கவேயில்லை. ஹொசோனோவின் கிட்டார், பேஸ், ஆர்கன், மட்சுமோட்டோவின் டிரம்ஸ், அவ்வளவுதான். ஒலிப்பதிவாளர் கின்ஜி யோஷினோ அந்தச் சிக்கனத்தைக் கெடுக்காமல் விட்டதற்கே அவருக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்லவேண்டும்.

குறையும் உண்டு. 'சொராயிரோ நோ குரெயோன்' முடியும் இடத்தில் ஓட்டாகி யோடல் பாடுவது (குரலைச் சட்டென்று உச்சத்துக்கும் கீழுக்கும் தாவவிடும் முறை), ஸ்டீல் கிட்டாரின் அழகையும் மீறி, எனக்கு இன்றுவரை விளையாட்டுத்தனமாகவே படுகிறது.

அலைவரிசை எழுதுகிறார்:

எதிர்த்தரப்புக்காகவும் யாராவது பேசியாக வேண்டும். ராக் பாடகர் யூயா உச்சிதாவை மொழிப்பற்று இல்லாதவர் என்று இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எல்லாரும் ஒதுக்கிவிடுகிறார்கள். ராக் உலகெங்கும் செல்லவேண்டிய இசை, எனவே ஆங்கிலத்தில் பாடுவதே முறை என்று அவர் 1970, 71-இல் வாதிட்டார். நியூ மியூசிக் மேகசின் இதழில் ஹாப்பி எண்ட் தரப்புடன் நேருக்கு நேர் அமர்ந்தும் பேசினார். வெறும் வாய்ப்பேச்சோடு அவர் நின்றுவிடவில்லை. அவர் உருவாக்கிய ஃபிளவர் டிராவலிங் பேண்ட் கனடாவுக்கே போய்த் தங்கி இசை நடத்தியது. அவர்களின் 'சதோரி' தொகுப்பும் இதே 1971-இல் வந்ததுதான். ஹிதெகி இஷிமாவின் கிட்டார் அதில் எழுப்பும் கீழைத்தேயச் சுரவரிசைகளையும் ஜோ யமனாகாவின் உச்சக்குரலையும் கேட்டுவிட்டு, எது கூடுதலாக அமெரிக்காவைப் போல ஒலிக்கிறது என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பாடியவர்களின் இசை எவரையும் போல இல்லை. ஜப்பானிய மொழியில் பாடியவர்களின் இசை கலிஃபோர்னியாவைப் போல இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் இந்த முரணுக்கு விடை சொல்லவேண்டும்.

மேற்குமாடம் எழுதுகிறார்:

நியாயமான கேள்விதான். 'சதோரி' ஒரு மலை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த மலையிலிருந்து கீழே வந்த பாதைகள் மிகச் சில. ஹாப்பி எண்டின் நால்வரோ கலைந்த பிறகுதான் நாட்டின் இசையையே மாற்றினார்கள். ஹொசோனோ 1978-இல் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற மின்னணு இசைக்குழுவைத் தொடங்கினார். ஓட்டாகி 1981-இல் 'எ லாங் வெகேஷன்' தந்தார். அதன் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை மட்சுமோட்டோ எழுதியவை. அதே மட்சுமோட்டோ எண்பதுகளில் பாடகி செய்கோ மட்சுதாவுக்கு எழுதிய பாடல்களை முணுமுணுக்காத ஜப்பானிய வீடு இருந்திருக்காது. மூல இசை எங்கிருந்து வந்தது என்பதோடு, எங்கே போனது என்பதையும் பட்டியல்கள் கணக்கில் எடுக்கின்றன.

தாளவாசகன் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. டிராம் பற்றிய செய்தியைப் படித்தபின் உறைப்படத்தைத் தேடிப் பார்த்தேன். அலைவரிசை அவர்களின் முரண் மட்டும் எனக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அடுத்து எதைக் கேட்கலாம்? லாஸ் ஏஞ்சலிஸில் பதிவு செய்த மூன்றாவது தொகுப்பையா?

பழைய ரிக்கார்டு எழுதுகிறார்:

அதை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் வான் டைக் பார்க்ஸ் கைவைத்த அதன் இறுதிப் பாடல் ஒன்றைத் தவிர, மற்றவற்றில் குழு ஏற்கெனவே பிரியத் தொடங்கிவிட்டது தெரிகிறது. 1973-இல் வந்த 'ஹொசோனோ ஹவுஸ்' தொகுப்பை எடுங்கள். டோக்கியோவுக்கு அருகிலுள்ள சயாமாவில் அமெரிக்கப் படையினர் முன்பு குடியிருந்த வீடு ஒன்றை ஹொசோனோ வாடகைக்கு எடுத்து, அந்த வீட்டுக்குள்ளேயே கருவிகளைப் பரப்பிப் பதிவு செய்தது அது. கின்ஜி யோஷினோவேதான் அங்கும் ஒலிப்பதிவு செய்தார். ஹெட்ஃபோனில் கேட்டால் அறையின் சுவர்கள்கூடக் காதுக்குத் தெரியும்.