நுரையீரல் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

ஈசூன்வாசி:
என் அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சிகரெட்டைத் தொட்டவரே இல்லை. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வொன்றில் சேர விருப்பமா என்று மருத்துவர் கேட்டதும், "என்னை வைத்துச் சோதனை செய்யப் பார்க்கிறார்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒப்புதல் படிவத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது என்ற இடம் வந்தபோதுதான் பேனாவைக் கையில் வாங்கினார்.

ஆறு நிமிட நடைச் சோதனையை மறக்கவே மாட்டேன். 30 மீட்டர் நடைவழி, இரு முனையிலும் கூம்புகள். தாதி கூடவே நடக்கக் கூடாதாம். நடப்பவரின் வேகம் மாறிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை, "நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் நான்கு நிமிடம்" என்று ஒரே குரலில் சொல்வதோடு சரி. பாதியில் அப்பா சுவரில் சாய்ந்தார். நடப்பவர் நிற்கலாம், கடிகாரம் நிற்காது. விரலில் மாட்டிய கருவியில் 95 சதவீதம் என்றிருந்த இரத்த ஆக்சிஜன் அளவு 87-க்கு இறங்கியிருந்தது. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி "எனக்கு ஒன்றுமில்லை" என்று எங்களை அடக்குபவர் அவர்!

அன்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு ஆடிப்போனேன். தொற்றினால் மூச்சுத்திணறல் திடீரென முற்றினால், அடுத்த சில வாரங்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் கூடுமாம். எலும்பு பலவீனமாவதும் தொடைத் தசை கரைவதும்கூட இந்த நோயுடன் சேர்ந்தே வரக்கூடியவை. இத்தனை காலம் மாத்திரை வாங்கினோம். ஒருவரும் இதைச் சொல்லவில்லை. இப்போது அப்பாவுக்குச் சளி பிடித்தால் நெஞ்சுவலி இருக்கிறதா என்றும் கேட்கிறோம்.

தேக்கா அக்கா:
தம்பி, அப்பா நலமாக இருக்க வேண்டும். எனக்கு இளவயதில் காசநோய் வந்து குணமானது. ஆனால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் மூச்சுக்குழாய் விரிவு நோயை விட்டுச் சென்றுவிட்டது. ஆய்வுக்கு நான் கொடுத்தது சளி. டப்பியை மூடிக் கொடுக்கும்போது கூச்சமாகத்தான் இருந்தது. இதில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். கிருமிகளோடு பூஞ்சைகளையும் தேடுகிறார்களாம்.

பிறகு நானே தேடிப் படித்தேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், ஸ்காட்லாந்தின் டண்டீ ஆகிய ஊர்களைச் சேர்ந்த 238 நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. நம் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று செய்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர் நோயாளிகளிடம் ஆஸ்பர்ஜிலஸ் ஃபூமிகேட்டஸ் என்ற பூஞ்சை மேலோங்கியிருந்தது; டண்டீயில் அதே குடும்பத்தின் டெர்ரியஸ். நோய்ப் பெயர் ஒன்று, நெஞ்சுக்குள் குடியிருப்பது வேறு. அங்கே கண்டறிந்தது எனக்கும் அப்படியே பொருந்தும் என்று எந்த நம்பிக்கையில் இருப்பது? இதைப் படித்த பிறகு டப்பியைக் கொடுக்க எனக்குக் கூச்சமே இல்லை.

மூச்சளப்பவன்:
நான் நுரையீரல் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மூக்கில் கிளிப் மாட்டி "ஊதுங்கள், ஊதுங்கள், விடாதீர்கள்" என்று நாள்முழுதும் கத்துபவன். அக்கா சொன்னதில் எங்கள் பக்கமும் ஒன்று உண்டு. நீங்கள் ஊதிய அளவு, உங்கள் வயது, உயரம், பாலினத்துக்கு எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிடப்படுகிறது. 2012-ல் வந்த உலகளாவிய கணக்கு, 3 முதல் 95 வயது வரையிலான 74,187 பேரின் அளவுகளில் எழுந்தது. வெள்ளையர், கறுப்பர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் எனத் தனிப் பிரிவுகள்; இந்தியத் துணைக்கண்டத்தவருக்கு ஒன்றும் இல்லை. "மற்றவர்கள்" பிரிவில்தான் நம்மைப் போட வேண்டியிருந்தது. இனம் பார்க்காத புதிய கணக்கு 2022-ல் வந்தது. மறு ஆண்டே அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் அதைப் பரிந்துரைத்தது. ஆனாலும் நம் பெரியவர்கள் ஆய்வென்றாலே ஒதுங்குவதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. நம் மூச்சு கணக்கில் ஏற நாம்தான் போய் ஊத வேண்டும்.

ஈசூன் தம்பி, அடுத்த நடைச் சோதனைக்கு அப்பா வழக்கமாகப் போடும் காலணியையே போட்டு வரட்டும். அதற்கு முன் வயிறுமுட்டச் சாப்பிட வேண்டாம். இன்ஹேலரைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டுமா, எத்தனை மணி நேரம் என்பதை முன்கூட்டியே சோதனைக்கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.