கலைச்சொல்: ‘கிரவுண்டிங்’ – ‘சான்றூன்றல்’ ஆகுமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

பெருமொழி மாதிரிகள் (சாட்ஜிபிடி போன்ற செயலிகளின் பின்னால் இருக்கும் மென்பொருள்) பற்றிய இழையில், அவற்றின் விடை கொடுத்த தரவைச் சார்ந்து நிற்பதைக் குறிக்கும் ‘கிரவுண்டிங்’ என்பதற்குப் ‘புவித்தொடுப்பு’, ‘தரைப்பிடிப்பு’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. பொதுக் கட்டுரை என்றால் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ஆலைப் பராமரிப்பில் இவை ஆபத்து.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சீமென்ஸ் சினாமிக்ஸ் டிரைவ் ஒன்று எஃப்30002 என்று காட்டிவிட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவின் உள்ளே இருக்கும் நேர்மின்சாரப் பகுதியான டிசி லிங்க்கில் மின்னழுத்தம் வரம்பு மீறிவிட்டது என்பது அதன் பொருள். ஓடும் மோட்டாரின் வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது அது மின்னாக்கியாக மாறி ஆற்றலைத் திருப்பி அனுப்புவது ஒரு முக்கியக் காரணம். வேகம் குறைவதற்கான நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆற்றலை வெப்பமாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் இருந்தால் அதைச் சோதிப்பார்கள். இதே கோளாறுக்கு வேறொரு நிறுவனமான ஏபிபியின் ஏசிஎஸ்880 டிரைவில் எண் 3210. பயிற்சியில் படித்த நினைவை மட்டும் நம்பி எழுதும் மொழி மாதிரி, ஒரு நிறுவனத்தின் எண்ணுக்கு வேறொரு நிறுவனத்தின் விளக்கத்தை ஒட்டிவிடக்கூடும். அதையும் துளித் தயக்கம் இல்லாத நடையில் சொல்லும். மின்சாரத்தைத் துண்டித்தபின், டிரைவில் மின்னேற்றத்தைத் தேக்கிவைத்திருக்கும் கெப்பாசிட்டர் வடிய எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அப்படி ஒரு விடை வந்தால் உயிரே போகலாம்.

அதனால்தான் குறிப்பிட்ட இயந்திரத்தின் கையேடு, பழுதுப் பதிவேடு, உணரிகளின் (சென்சார்களின்) அப்போதைய அளவீடு ஆகியவற்றைத் தேடியெடுத்து மாதிரியின் முன் வைத்து, அவற்றைச் சார்ந்தே விடை சொல்ல வைக்கிறார்கள். 2020இல் பேட்ரிக் லூயிஸ் குழுவினர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட ‘ராக்’ (தேடியெடுத்ததை வைத்து விடை உருவாக்கும்) முறை இதற்கு இன்று பரவலான வழி. விடை இப்படித் தரவைச் சார்ந்து நிற்பதைத்தான் கிரவுண்டிங் என்கிறார்கள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அதே சினாமிக்ஸில் எஃப்30021 என்பது மின்சுற்றில் நேரும் கிரவுண்ட் ஃபால்ட், அதாவது மின்சாரம் தரைக்குக் கசியும் கோளாறு. ஒரே திரையில் மேலே ‘புவித்தொடுப்புப் பிழை’ என்று டிரைவின் அறிவிப்பும், கீழே ‘இந்த விடைக்குப் புவித்தொடுப்பு இல்லை’ என்று செயலியின் எச்சரிக்கையும் வந்தால், இரவுப் பணியில் இருப்பவர் எர்த் கம்பியைத் தேடிக்கொண்டு போவார். ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தை நாம் வரிந்துகட்டிக்கொண்டு இறக்குமதி செய்ய வேண்டுமா?

‘அடித்தளமிடல்’ என்றும் யோசித்தேன். அதிர்வு மிகுந்தால் இயந்திரத்தின் அடித்தளத்தைப் பார் என்பது பராமரிப்பின் பாலபாடம்; எனவே அதுவும் மோதுகிறது. ‘நிலைநிறுத்தல்’ என்பதில் ‘நிறுத்தல்’ உட்கார்ந்திருக்கிறது. ஆலையில் அந்தச் சொல் கையைச் சிவப்புப் பொத்தானுக்குக் கொண்டுபோகும். ‘ஆவணப் பிணைப்பு’ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கியின் (பேரிங்) வெப்பநிலையோ அதிர்வு அளவீடோ ஆவணம் ஆகாது.

என் பரிந்துரை ‘சான்றூன்றல்’. ஊன்றுகோலில் வரும் அதே ஊன்றல்தான். கையேட்டுப் பக்கத்தையும் உணரியின் அளவையும் சான்று என்ற ஒரே சொல் அணைத்துக்கொள்ளும். வினையாகவும் எச்சமாகவும் எதிர்மறையாகவும் புழங்குகிறதா என்று பார்த்தேன்: சான்றூன்றிய விடை, சான்றூன்றாத விடை, கையேட்டில் சான்றூன்றிச் சொல். பெயர்ச்சொல்லாக மட்டும் நின்று வினையாக வளைய மறுக்கும் கலைச்சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன.

குறை இல்லாமல் இல்லை. சான்று என்றதும் அளவுக்கருவிகளோடு வரும் சான்றிதழ் நினைவுக்கு வரலாம். ஆனால் அது பெரும்பாலும் தாளில் இருக்கும் சொல். எர்த் போலக் கையால் தொட்டுச் சோதிக்க வேண்டியதன்று. எனவே இந்த மோதலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. விடை எந்த அளவுக்குச் சான்றைச் சார்ந்துள்ளது என்று சில செயலிகள் மதிப்பெண் தருகின்றன. அதற்குச் ‘சான்றூன்றளவு’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. ‘சான்றுவலு’ என்றால் பொருள் சற்று விலகுகிறது. டிரைவ், மோட்டார் வேலையில் இருக்கும் நண்பர்கள் இதற்கு ஒரு சொல் தாருங்கள்.